வீட்டிலேயே பிள்ளைகள் செய்யக்கூடிய சுற்றுச்சூழல் வேலைகள்: காவிரிப் படுகைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொல்லையில் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். கொல்லைக்குப் பின்னால் ஒரு கிளை வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். விதை போடுவது, மழையை அளப்பது, மண்ணைக் கரைத்துப் பார்ப்பது, பறவையை எண்ணுவது என்று சில வருடங்களாக ஏதாவது செய்துகொண்டே இருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் படியில் நின்றபடி கேட்கும் கேள்விகளும் அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களும்தான் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு ஒரு காலம், நாற்று விடுவதற்கு ஒரு காலம், மழைக்கு ஒரு காலம், அறுப்புக்கு ஒரு காலம் இருக்கிறது. பிள்ளைகளின் வேலையையும் அந்தந்தக் காலத்தோடு சேர்த்துவிட்டால் நாம் தள்ளிவிட வேண்டியதில்லை, அதுவே நடக்கும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

மேட்டூர் நீர்மட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். மே மாதக் கடைசி என்றால் ரொம்ப நல்லது.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, சுவரில் ஒட்டிய நீளத் தாளில் 120 சென்டிமீட்டருக்குக் கோடு போடுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளையின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிள்ளை அந்தக் கோட்டுப் பக்கத்தில் நின்று, "இன்றைக்கு எனக்கு இடுப்புவரைதான் தண்ணீர்" என்று சொல்லும்போது, டி.எம்.சி. என்றால் என்னவென்று தெரியாமலே அணை அதற்குப் புரிந்துவிடும். தினமும் காலையில் செய்தித்தாளிலோ தொலைக்காட்சியிலோ வரும் அளவைப் பார்த்து, தேதி போட்டு ஒரு புள்ளி வைக்க வேண்டும். அரை நிமிட வேலை.

வழக்கப்படி ஜூன் 12-ல் குறுவை என்னும் குறுகிய கால நெல் சாகுபடிக்கு அணை திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். எல்லா வருடமும் அப்படி அமைவதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் பிடிக்கும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. எங்கள் ஊருக்கு வெண்ணாறு வழியாக ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்து, அங்கிருந்து பாமணியாறு, அப்புறம் கிளை வாய்க்கால். உங்கள் ஊருக்கு எந்த வழி என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். தாத்தாவும் அப்பாயியும் சொல்லும் மதகுப் பெயர்கள் வரைபடங்களில்கூட இருக்காது.

பிறகு மூன்று தேதிகளைக் குறிக்க வேண்டும்: அணை திறந்த நாள், கல்லணைக்கு வந்த நாள், நம் வாய்க்காலுக்கு வந்த நாள். புதுத் தண்ணீர் வருவதைப் பிள்ளை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். காய்ந்து வெடித்த தரையில் நுரையும் சருகும் வைக்கோலும் தள்ளிக்கொண்டு, நாம் நடக்கும் வேகத்துக்குத்தான் அது வரும். வெடிப்புக்குள் இறங்கும், குமிழி விடும், நிரம்பும், பிறகு அடுத்த வெடிப்புக்குப் போகும். அந்த வெடிப்புகளில் ஒளிந்திருந்த நண்டு வெளியே ஓடி வரும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர்களுக்கு இன்னும் பல நாள் கழித்துத்தான் போய்ச் சேரும். ஏன் அவ்வளவு தாமதம் என்று பிள்ளையே கேட்கும். நீங்கள் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம், அடுத்த வருடத் தேதியையும் பக்கத்தில் எழுதட்டும்.

இதற்கெல்லாம் பொருள் வாங்க வேண்டுமா?

ஒரு நீளச் சைஸ் நோட்டு, ஒரு பென்சில், ஒரு ஸ்கேல். மற்றதெல்லாம் வீட்டில் உடைந்தும் ஓட்டையாகியும் கிடப்பவை போதும். கடையில் "சுற்றுச்சூழல் கிட்" என்று அட்டைப்பெட்டியில் விற்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதைப் பிரித்தால் பாதி பிளாஸ்டிக் உறை.

வீட்டில் வயல் இல்லை. பிள்ளைக்கு நெல் விளைவதைக் காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். காது போன பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். எங்கள் பிள்ளைகள் அதிகம் ஆசைப்படும் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாளியில் முக்கால் பங்கு வயல் மண்ணோ வாய்க்கால் வண்டலோ நிரப்புங்கள். கூட இரண்டு கை மக்கிய சாணம். தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் கையை விட்டுக் குழைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் சேற்றுழவு. ஒரு பிடி விதைநெல்லை ஒரு நாள் ஊற வைத்து, ஈரச் சாக்கில் கட்டி ஒரு நாள் மூட்டம் போட்டால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அதை ஒரு பழைய தட்டில் ஈர மண் பரப்பித் தூவிவிட்டால் நாற்றங்கால் ஆயிற்று. இருபது இருபத்தைந்து நாளில் நாற்றைப் பறித்து வாளியில் நட வேண்டும். ஒரு வாளிக்கு இரண்டு குத்து, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று. அதற்கு மேல் நடாதீர்கள். பிள்ளைகள் நெருக்கமாக நடத்தான் ஆசைப்படுவார்கள். தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து கிளைத்துப் பெருக, இடம் வேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

குறுவை ரகம்தான் சரி. ஆடுதுறை 36, 43 போன்றவை நூற்றுப் பத்து நாள் அளவில் விளைந்துவிடும். சம்பா ரகங்களில் பல, பகல் பொழுது குறையும் காலத்துக்காகக் காத்திருந்துதான் கதிர் விடும். அவற்றை ஜூனில் வாளியில் போட்டால் பிள்ளை சலித்துப்போகும். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ரகத்தின் பெயரே அந்த ஊர்தான் என்று சொல்லிக்கொடுங்கள். ஆடுதுறை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்கள்.

முதல் வருடம் நான் வாளியை மாமர நிழலில் வைத்துவிட்டேன், வெயிலில் வாடிப்போகுமே என்று. தழை நன்றாக வந்தது, ஆனால் கதிரில் முக்கால்வாசி பதர். நெல்லுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வாளிகள் களத்து மேட்டில்தான் நிற்கின்றன.

பார்க்கவேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. கதிர் வெளிவந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றுக்குள், நெல் பூக்கும். ஒவ்வொரு நெல்மணியின் உமியும் இரண்டாகத் திறந்து, உள்ளேயிருந்து ஆறு மகரந்தப்பைகள் மெல்லிய நூலில் வெளியே தொங்கும். வெளிறிய மஞ்சள், எள்ளைவிடச் சிறிசு. ஒரு மணி நேரம் போல் திறந்திருந்து, உமி மறுபடி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த மணி திறப்பதே இல்லை. வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பெரியவர்களில் பலர் இதை ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. பள்ளி விடுமுறை நாளாக அமைந்தால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பத்து நாள் கழித்து ஒரு மணியை நகத்தால் கிள்ளினால் பால் வரும். பூத்ததிலிருந்து ஒரு மாதத்தில் அறுக்கலாம்.

அறுத்ததை எண்ண வேண்டும். இரண்டு குத்தில் எத்தனை தூர், எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, அதில் எத்தனை பதர். உலக்கையால் லேசாகக் குத்திப் புடைத்தால் ஒரு கை அரிசி மிஞ்சும். அதைத் தனியாகப் பொங்கி ஆளுக்கொரு வாய் கொடுங்கள். ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்ற கணக்கை அன்றைக்குச் சொன்னால் போதும். தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதே என்று தனியாகச் சொல்லவேண்டி வராது.

பாரம்பரிய நெல் போடலாமா?

போடலாம். பூங்கார், அறுபதாம் குறுவை போன்ற குறுகிய கால ரகங்கள் கிடைத்தால் நல்லது. மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரத்துக்கு வளர்ந்து வாளியோடு சாயும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த வழக்கம் ஒன்று உண்டு: நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் அவர் அதை நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018 டிசம்பரில் காலமானார். எங்கள் பிள்ளைகள் அதே கணக்கைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டி விதை வாங்கினால் அடுத்த வருடம் இரண்டு தீப்பெட்டி.

வாளியில் தண்ணீர் தேங்கினால் கொசு வராதா?

நியாயமான பயம். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும். வழி நம் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் முழுக்க வற்றி, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை விட்டு, மறுபடி ஊற்றுங்கள். புழு செத்துவிடும், நெல்லுக்கும் அது நல்லது, தண்ணீரும் மிச்சம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அப்போது வாய்க்காலில் பிடித்த பொடிமீன் நாலைந்தை விட்டால் அவை புழுவைத் தின்றுவிடும்.

கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சி, டயர், ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுவதைப் பிள்ளையின் பொறுப்பாக்குங்கள். எங்கள் தெருவில் அதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் புழுத் தண்ணீரை எடுத்துக் காட்டிவிட்டால், நெளிந்து நெளிந்து மேலே மூச்சு விட வருவதைப் பார்த்த பிள்ளை ஒரு சிரட்டையைக்கூட நிமிர்த்தி வைக்காது.

மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

மழையை அளக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் இதைவிட நல்ல வேலை கிடையாது.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை, கழுத்துச் சரிவு முடியும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாக அதே பாட்டிலில் புனலாகச் செருகுங்கள். அடிப்பாகம் வளைந்து இருப்பதால் அளவு தப்பும். கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகும் உயரம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். கோட்டிலிருந்து மேலே ஸ்கேலை ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத திறந்த இடத்தில், காற்றில் சாயாமல் நான்கு செங்கல்லுக்கு நடுவே வைக்க வேண்டும். வானிலைத் துறை காலை எட்டரை மணிக்குத்தான் மழையை அளக்கிறது. நம் பிள்ளைகளும் அதே நேரத்தில் அளந்தால் செய்தியில் வரும் அளவோடு ஒப்பிடலாம். திருவாரூரில் 6 செ.மீ. என்று செய்தி வந்த நாளில் நம் வாசலில் 3 செ.மீ.தான் இருக்கும். பக்கத்து ஊர் மழை வேறு, நம் ஊர் மழை வேறு என்று அப்போது தெரியும்.

அடுத்தது கூரைக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 460 லிட்டர் அந்த மாடியிலிருந்து கீழே ஓடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை இந்தப் பெருக்கலைத் தானாகப் போட்டுவிட்டு, "அப்பா, நம் வீட்டுத் தண்ணீர் எல்லாம் சாக்கடைக்குப் போகுது" என்று வந்து நிற்கும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

நாங்கள் கடலோரம். போர்த் தண்ணீரே கரிக்கிறது. எங்களுக்கு எது பொருந்தும்?

உங்கள் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிய சோதனைதான் முதலில். நான்கு கிண்ணம், நான்கிலும் பழைய துணி, ஒவ்வொன்றிலும் இருபது பச்சைப்பயறு. ஒன்றுக்கு நல்ல தண்ணீர். மற்ற மூன்றுக்கும், ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் ஸ்பூன், அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று உப்பு கரைத்து நனைக்க வேண்டும். மூன்று நாள் கழித்து முளைத்ததை எண்ணி, முளையின் நீளத்தை அளந்து எழுதுங்கள். உப்பு ஏற ஏற முளை குட்டையாகும். ஒரு ஸ்பூன் கிண்ணத்தில் அநேகமாக எதுவும் முளைக்காது. தண்ணீரில்தான் கிடக்கிறது, ஆனால் உப்பு இருப்பதால் விதையால் அந்தத் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, அதாவது அந்தக் கடைசிக் கிண்ணத்தைவிடவும் அதிகம்.

ஆற்றில் நல்ல தண்ணீர் போதாமல் போய், நிலத்தடியில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கடல் உள்ளே ஏறும். காவிரித் தண்ணீர் கடலுக்குப் போய் வீணாகிறது என்று யாராவது சொன்னால், அதில் கொஞ்சம் கடலைத் தள்ளி நிறுத்தவும் வேண்டியிருக்கிறது என்று இந்த நான்கு கிண்ணத்தை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லலாம். வேதாரண்யம் பக்கத்துக் கடலோர வயல்களில் உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல்லைப் போட்டவர்கள் உண்டு. விதை கிடைத்தால் ஐந்தாவது கிண்ணத்தில் அதையும் வைத்துப் பாருங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் வேதாரண்யம் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம்.

சின்னப் பிள்ளைக்கு, நாலைந்து வயசுக்கு, எது சரியாக வரும்?

மண் ஜாடி. மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கிவிட்டுத் திண்ணையில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்காரும். சில மணி நேரத்தில் அதன் மேல் வண்டல். களிமண் மறுநாள்வரை கலங்கலாகவே நிற்கும். கொள்ளிடக் கரை மண், வயல் மண், கொல்லை மண் என்று மூன்று ஜாடி வைத்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். ஆறு கொண்டுவந்து போட்டதுதான் நம் நிலம் என்பதை அந்த ஜாடியில் கண்ணால் பார்க்கலாம்.

மார்கழியில் பச்சரிசி மாவில் கோலம் போட்டு, எறும்பு எந்தப் புள்ளிக்கு முதலில் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே கல் மாவில் ஒரு சின்னக் கோலம். மதியத்துக்குள் அரிசிக் கோலத்தின் இழை அங்கங்கே அறுந்திருக்கும், கல் மாவுக் கோலம் அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டு நான்கு வயதுக் குட்டி அன்றிலிருந்து எறும்புக்கென்று தினமும் ஒரு புள்ளி வைக்கிறாள்.

சமையலறைக் குப்பையை மக்க வைத்தோம். நாற்றம் தாங்கவில்லை, விட்டுவிட்டோம். எங்கே தப்பு?

ஈரம் அதிகமாகியிருக்கும். காய்த்தோலும் வாழைப்பழத் தோலும் முக்கால்வாசி தண்ணீர்தான். ஒரு கை ஈரக்குப்பை போட்டால் இரண்டு கை சருகோ தேங்காய் நார்த்தூளோ துண்டு வைக்கோலோ மேலே போட வேண்டும். பானையில் பக்கவாட்டில் ஓட்டை வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கை பழைய சாணமோ புளித்த மோரோ தெளித்தால் வேகம் பிடிக்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பிள்ளை குச்சியால் கிளற வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், மீன் கழிவு வேண்டாம், எலி வரும். சாப்பிட்ட வாழை இலையைக் கிழித்துப் போட்டால் நன்றாக மக்கும்.

கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நுண்ணுயிர்கள் வேலை செய்யும் சூடு அது. பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வந்துவிடும், அதுதான் பதம். அந்த உரத்தை அவர்களுடைய நெல் வாளிக்கே போடுங்கள்.

சிட்டுக்குருவிக்குக் கூடு வைத்தோம், வரவில்லை.

ஓட்டை ஒன்றேகால் அங்குலம் போல் இருக்கிறதா, மின்விசிறிக்குப் பக்கத்தில் இல்லையா, பூனை எட்டாத உயரமா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வருடம் காத்திருக்கவேண்டி வரலாம். முட்டை வைத்துவிட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

கூட்டைவிட எனக்குப் பிடித்தது நம் பழைய வழக்கம்தான். அறுப்பில் நல்ல கதிராகப் பார்த்துப் பின்னி வாசல் நிலையில் தொங்கவிடுவார்கள். எங்கள் அப்பாயி அதை முடையும்போது, "குருவிக்கும் ஒரு பங்கு" என்றுதான் சொல்லும். உங்கள் வாளி நெல்லில் நாலு கதிரை அப்படிக் கட்டலாம்.

பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் சேர்ந்து பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பிள்ளைகளும் சேரலாம். வீட்டு மாடியில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி எழுதினால் போதும். தவிட்டுக்குருவி, கரிச்சான், மீன்கொத்தி, செண்பகம் என்று பத்துப் பன்னிரண்டு வகை படுகையில் எந்த வீட்டிலும் தேறும். வயலில் நிற்கும் நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும், அதை வைத்து நத்தையைத் தின்கிறது. அதைப் பார்த்துவிட்ட பிள்ளை அடுத்து வடுவூர் ஏரிக்குப் போகலாம் என்று அடம் பிடிக்கும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரும் வழியில்தான் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அழைத்துப் போங்கள்.

விதைப்பந்து செய்யலாமா?

எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. படுகையில் கொல்லை, வயல், வரப்பு, கரை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் இருக்கிறது. வண்டியில் போகும்போது எறிந்த பந்து யார் நிலத்தில் விழுந்தது, முளைத்ததா, ஆடு மேய்ந்ததா என்று பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை. எறிந்ததோடு வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுவதுதான் என் கவலை. அதற்குப் பதில் கொட்டாங்குச்சியில் புங்கன், பூவரசு, நாவல் என்று மூன்று கன்று போடட்டும். தினம் பார்த்துத் தண்ணீர் ஊற்றி, மழைக்கு முன்னால் ஒரு இடம் கேட்டு வாங்கி நடட்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் அது பெயர் தெரிந்த மரம்.

பள்ளியில் "கழிவிலிருந்து கலைப்பொருள்" செய்துவரச் சொல்கிறார்கள்.

செய்யுங்கள். ஆனால் ஒரு பாட்டிலை அலங்கரிக்க ஜிகினா, பசை, தெர்மாகோல் என்று புதிதாக வாங்கினால் கழிவு கூடத்தான் செய்யும். நம்மிடம் ஓலை இருக்கிறது. தென்னங்கீற்றில் பாம்பு, கைக்கடிகாரம், பந்து. பனை ஓலையில் காற்றாடி. கருவேல முள்ளைக் குத்தி, கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றும். பூவரசு இலையைச் சுருட்டி நுனியை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பி. இளசாகவும் முற்றலாகவும் இல்லாத இலையாக எடுக்க வேண்டும். இளசு கிழிந்துபோகும், முற்றல் சுருளாது. இரண்டு நாள் விளையாடி வாடியதும் மக்குப் பானையில் போட்டுவிடலாம்.

ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுக்கும் சப்பரத்தையும் கலர்த்தாளுக்குப் பதில் ஓலையிலும் பூவிலும் ஜோடித்தால் எவ்வளவு அழகு. ஆற்றில் விடும் காதோலை கருகமணியில் காதோலை உண்மையான ஓலையாகவே இருக்கட்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு, சுடாத, வர்ணம் பூசாத களிமண்ணில் பிள்ளைகளே ஒரு பிள்ளையாரைப் பிடித்து, மூன்றாம் நாள் வாளித் தண்ணீரில் கரைத்து, அந்த மண்ணைச் செடிக்கு ஊற்றலாம்.

ஆற்றங்கரைக்குத் தனியாக அனுப்பலாமா?

அனுப்பவே அனுப்பாதீர்கள். மேலே சொன்னதில் வாய்க்கால் கரையில் செய்யும் எந்த வேலைக்கும் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும், செல்போனைப் பார்க்காமல். காலையில் கணுக்காலளவு ஓடிய தண்ணீர் மதகு திறந்ததும் சாயங்காலம் இடுப்புக்கு மேல் வந்துவிடும். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது. கொள்ளிடத்தில் இது இன்னும் ஆபத்து. மழைக்காலத்தில் வரப்பிலும் வைக்கோல் போரிலும் கையை விட்டுத் துழாவக் கூடாது, பாம்பு இருக்கும். வெள்ளம் வந்த வாரம் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தை வீட்டுத் திண்ணையோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு பிள்ளையின் உயிருக்குமேல் எந்தச் செயல்பாடும் இல்லை.

தஞ்சாவூரில் அடுக்குமாடியில் இருக்கிறோம்.

மழை பாட்டில், முளைப்பு, மேட்டூர்த் தாள், பறவைக் கணக்கு எல்லாம் அங்கேயும் நடக்கும். அதோடு, சொட்டும் குழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் டம்ளர் வைத்து அளந்து 24-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். மின்மீட்டரைத் தினமும் ஒரே நேரத்தில் படிக்கச் சொல்லுங்கள். 75 வாட் மின்விசிறி பதின்மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆயிரம் வாட் ஹீட்டருக்கு ஒரு மணி நேரமே போதும். இந்த இரண்டு கணக்கும் அப்பாவைவிடப் பிள்ளைக்கு நன்றாக நினைவிருக்கும்.

இரண்டு நாள் ஆர்வமாகச் செய்துவிட்டு விட்டுவிடுகிறான்.

ஐந்து வேலையை ஒரே நேரத்தில் கொடுத்திருப்பீர்கள். ஒன்று போதும். அதையும் தினம் செய்யும் வேறு ஏதாவது ஒன்றோடு கட்டிவிடுங்கள். பல் தேய்த்ததும் மழை பாட்டில், காபி குடிக்கும்போது மேட்டூர்ப் புள்ளி என்பது போல. விட்டுப்போன நாளைத் திட்டாமல் காலியாக விடச் சொல்லுங்கள், கற்பனையாக நிரப்பக் கூடாது. காலி இடமும் ஒரு உண்மைதான். இன்னொன்று, நீங்களும் பக்கத்தில் உட்கார வேண்டும். "போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பினால் ஒரு வாரம் தாங்கும். "வா, பார்க்கலாம்" என்றால் வருடக்கணக்கில் தாங்கும்.

பனங்கொட்டை புதைக்கலாமா? எப்போது, எப்படி?

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். சதையைச் சுட்டுத் தின்றபின் கொட்டையைச் சேர்த்து, கொல்லையில் மணலும் மண்ணுமாக முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, நெருக்கமாக அடுக்கி மூடிவிடுங்கள். வேர் கீழே இறங்க இடம் வேண்டும் என்பதற்குத்தான் மேடு. மழையே தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பொங்கலை ஒட்டித் தோண்டினால் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்தால் பிள்ளைகள் நார் உரித்து உரித்துத் தின்பார்கள்.

கிழங்கை எடுத்துவிட்டால் மரம் இல்லை. அதனால் முப்பது கொட்டை சேர்ந்தால் இருபதை மேட்டில் போடுங்கள், பத்தை நேரே வாய்க்கால் கரையில், ஒரு முழ ஆழத்தில், ஏழெட்டு அடி இடைவெளியில் புதைத்துவிடுங்கள். பனையை முளைத்தபின் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, முதலிலேயே அதன் இடத்தில் இருக்க வேண்டும். கரைக்குச் சொந்தமானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத் தோப்புகளில் தென்னை வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்ததையும், பனைகள் நின்றதையும் பார்த்தவர்கள், கேட்டால் மறுப்பதில்லை.

எங்கள் பிள்ளைகள் போன வருடம் புதைத்த பத்தில் நான்கு தலை காட்டியிருக்கின்றன. இப்போதைக்கு விசிறி ஓலை கிடையாது. கத்தி மாதிரி மடிந்த ஒற்றை இலை, ஒரு சாண் உயரம். ஆடு வாய் வைக்காமலிருக்கச் சுற்றிலும் முள் அடைத்திருக்கிறோம். சனிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய் அந்த முள்ளைத்தான் சரிபார்க்கிறார்கள்.